விளக்கு எப்போது அணைந்தது

என் பெயர் எபிசன். வயது நாற்பத்தொன்று. தகப்பனார் பெயர் ஜெபசீலன். அருமனைக்குப் பக்கத்தில் சொந்த வீட்டில் மனைவி சுஜியுடனும் மகளுடனும் குடியிருந்து வருகிறேன். மார்த்தாண்டத்தில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் ஆங்கிலப் பயிற்சி மையம் நடத்துகிறேன். வெளிநாட்டு வேலைக்குப் போகிற நர்சுகள்தான் பெரும்பாலும் என்னிடம் படிக்கிறார்கள். இந்த வாக்குமூலத்தை இரணியல் குற்றவியல் நடுவர் அவர்கள் முன்பு என் சொந்த விருப்பத்தின் பேரில் கொடுக்கிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை. நான் சொல்வது எனக்கு எதிராகவே பயன்படலாம் என்று நடுவர் அவர்கள் எடுத்துச் சொல்லி, யோசிக்க அவகாசமும் கொடுத்தார்கள். யோசித்த பிறகே பேசுகிறேன்.

குளச்சல் மரியான் என்பவரை இந்தச் சம்பவத்துக்கு முன்பு எனக்குத் தெரியாது. அவருடைய மகள் ஜாஸ்மியைத் தெரியும். அவள் நர்சிங் முடித்துவிட்டு என் மையத்தில் ஆங்கிலம் படித்தவள். படிப்பு முடிந்ததும் குளச்சலிலேயே பிரபின் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். குழந்தை பிறந்ததால் வெளிநாட்டுப் பயணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

கடந்த ஆண்டு அக்டோபர் மாதம் மரியானும் அவருடைய மருமகன் பிரபினும் தங்கள் வள்ளத்தில் கடலுக்குப் போயிருக்கிறார்கள். அந்தி மயங்கி இருட்டத் தொடங்கிய நேரத்தில் வெளிநாட்டுக் கொடியுடன் வந்த சரக்குக் கப்பல் ஒன்று வள்ளத்தின் மேல் மோதியிருக்கிறது. கப்பல் நிற்கவில்லை. பக்கத்தில் வலை விரித்திருந்தவர்கள் மரியானைத் தூக்கிக் கரை சேர்த்தார்கள். பிரபினின் உடல் சில நாள் கழித்துக் கரை ஒதுங்கியது. அதன் பிறகு கப்பல் அடையாளம் காணப்பட்டு, துறைமுகத்தில் நிறுத்தி வைக்கப்பட்டு, கப்பல் நிறுவனத்தார் தங்கள் தரப்பில் விசாரணை வைத்தார்கள். வள்ளத்தில் விளக்கு எரிந்ததா இல்லையா என்பதுதான் அந்த விசாரணையில் முக்கியமான கேள்வி. எரிந்திருந்தால் கப்பல் பார்த்திருக்க வேண்டும். எரியவில்லை என்றால் குற்றம் வள்ளத்தின் பேரில் போகும்.

மரியான் சொல்வதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. கப்பல் ஏஜென்சி அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் என் பெயரைக் கொடுத்திருக்கிறார். கப்பல்காரர்கள் ஏற்பாடு செய்யும் ஆள் வேண்டாம் என்று மீனவர் சங்கத்தார் சொன்னபோது, ஜாஸ்மிதான், ‘எங்க சாருதான், அவங்க இருந்தா பயமில்ல’ என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தாளாம். இதுவும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

நாகர்கோவிலில் ஒரு ஹோட்டலின் கூட்ட அறையில் விசாரணை நடந்தது. கப்பல் நிறுவனத்துக்காக மும்பையிலிருந்து வந்த வழக்கறிஞர் ஒருவரும், வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவரும், சங்கத்தின் வக்கீலும் இருந்தார்கள். சங்க வக்கீல் காய்ச்சலோடு வந்திருந்தார். எல்லாம் வீடியோவில் பதிவானது. மரியான் வெள்ளை வேட்டியும் துவைத்து மடித்த சட்டையும் போட்டு வந்திருந்தார். அறையில் ஏசி குளிர் அதிகமாக இருந்தது. அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, ‘சாரே, மவ சொல்லியிருக்கா’ என்றார்.

தொடக்கத்தில் எல்லாம் ஒழுங்காகப் போனது. எத்தனை மணிக்குப் புறப்பட்டீர்கள், எந்தத் திசை, என்ன வலை என்று கேட்டார்கள். மரியான் சிறு சிறு வாக்கியமாகச் சொன்னார், நானும் சிறு சிறு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொன்னேன். வெளிநாட்டு ஆய்வாளர் பேனாவை மேசையில் உருட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு என் ஆங்கிலம் பள்ளிக்கூடத்துப் பையனின் ஆங்கிலமாகப் படுகிறதோ என்று எனக்குத் தோன்றியது. அப்போது மோதல் நடந்த நேரத்தைப் பற்றிக் கேட்டார்கள். மரியான் சொன்னது இதுதான்:

‘கப்பலு வந்தப்பம் லைற்று போச்சு சாரே. பொறவு தண்ணிதான்.’

இதை ஆங்கிலத்தில் சொல்ல இரண்டு வழி உண்டு. ‘வென் த ஷிப் கேம், த லைட் வென்ட் அவுட்’ என்றால் கப்பல் வந்தது, அதனால் விளக்கு அணைந்தது என்று ஆகும். அவர் சொன்னது அதுதான். நான் சொன்னது, ‘பை த டைம் த ஷிப் கேம், த லைட் ஹேட் ஆல்ரெடி கான் அவுட்’ என்பது. அதாவது, கப்பல் வந்து சேர்வதற்கு முன்பே விளக்கு அணைந்துபோயிருந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நடுவர் அவர்கள் கேட்டார்கள். நான் வகுப்பில் அதிகம் விரும்பி நடத்தும் பாடம் இது. போர்டில் நீளமாக ஒரு கோடு போடுவேன். பிறகு நடந்ததைக் கோட்டின் நடுவிலும் அதற்கு முன்பே முடிந்துபோனதை இடது ஓரத்திலும் குறிப்பேன். அடுத்தடுத்து நடந்தால் சாதாரண இறந்தகாலம் போதும், ஒன்று நடக்கும்போது மற்றொன்று ஏற்கெனவே முடிந்துபோயிருந்தால் மட்டுமே ‘ஹேட்’ சேர்க்க வேண்டும் என்று சொல்வேன். ‘நான் வார்டுக்கு வந்தபோது டாக்டர் போனார்’ என்றால் நீ அவரைப் பார்த்தாய், ‘போயிருந்தார்’ என்றால் நீ பார்க்கவில்லை, நாளைக்கு ஒரு நோயாளி இறந்துபோனால் இந்த வித்தியாசத்தில்தான் உன் வேலை நிற்கும் என்று நர்சுகளிடம் பயமுறுத்திச் சொல்வேன். இத்தனையும் தெரிந்த நான் அந்த அறையில் ‘ஹேட்’ போட்டேன். ‘பை த டைம்’ என்று தொடங்கும் வாக்கியம் கேட்க நன்றாக இருக்கும். தொடங்கிவிட்டால் ‘ஹேட்’ தானாக வரும். ஆய்வாளர் பேனாவை உருட்டுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறு காரணம் இல்லை.

உடனே மும்பை வழக்கறிஞர், மோதலுக்கு முன்பே விளக்கு இல்லையா என்று உறுதிப்படுத்திக் கேட்டார். நான் மரியான் பக்கம் திரும்பி, ‘அண்ணே, கப்பல் வந்தப்போ லைட் இல்ல, அப்படித்தானே?’ என்று கேட்டேன். ‘முன்னாலயா, பிறகா?’ என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டவிதம் அவரை ஆமாம் என்று சொல்ல வைக்கிற விதம். அவரும், ‘ஆமா சாரே, இல்ல. அதுதான் போச்சுல்லா’ என்றார். நான் வழக்கறிஞரிடம் ‘யெஸ்’ என்றேன். சங்க வக்கீல் அந்த நேரம் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் பேரில் நான் குறை சொல்லவில்லை. எடுத்துச் சொல்ல வந்தவன் நான்.

அதன் பிறகு தேநீர் இடைவேளை விட்டார்கள். நானும் மரியானும் வராந்தாவில் நின்றோம். அவர் சாயாவைச் சுவர்மேல் வைத்துவிட்டு, நான் கேட்காமலே, நடந்ததைக் கையால் காட்டினார். இடது உள்ளங்கையை வள்ளமாக விரித்து, அதன் நடுவிரலை நிமிர்த்தி, அதுதான் விளக்குக் கட்டிய கம்பு என்றார். வலது கையை முஷ்டியாக்கிக் கப்பலாகக் கொண்டுவந்தார். முஷ்டி வந்து முதலில் விரலை மடக்கியது.

‘கம்பு மேலதான் ஆதியம் வந்து கேறிச்சு சாரே. அப்பம்தான் லைற்று போச்சு. அதுவர நல்லா எரிஞ்சிட்டுதான் கெடந்து. பிரபினு அதுக்க அடியில இருந்துதான் வலயப் பிரிச்சிட்டு இருந்தான். அவனுக்க மொகத்த நான் பாத்துட்டுதான் இருந்தேன்.’

இதைக் கேட்டதும் நான் செய்த பிழை எனக்கு முழுதாக விளங்கியது. அந்த நேரம் விளங்கவில்லை என்று நான் சொல்ல முடியாது. என் கையில் இருந்த சாயாவை நான் குடிக்கவில்லை. மரியான், ‘சாரே, ஆறிப் போவுது, குடியும்’ என்றார். பிறகு, ‘நான் சொன்னது அவங்களுக்கு வெளங்கிச்சா?’ என்று கேட்டார். ‘விளங்கிச்சு அண்ணே’ என்றேன்.

இடைவேளை முடிந்து உள்ளே போனோம். அதுவரை பதிவானதை வழக்கறிஞர் வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு, மொழிபெயர்ப்பாளர் திருத்த வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நேரம் இருந்தது. ஒரு சொல்லை எடுத்தால் போதும். அதற்கு, நான் இறந்தகாலத்தைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று அந்த அறையில் சொல்ல வேண்டும். பிழையில்லாத ஆங்கிலம் என்று என் மையத்தின் வாசல் போர்டில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருப்பவன் நான். பிழையைச் சொல்லவில்லை. ‘நோ சார்’ என்றேன். நான் காட்டிய இடத்தில் மரியான் கையெழுத்துப் போட்டார். வெளியே வரும்போது மும்பை வழக்கறிஞர் என் கையைக் குலுக்கி, என் ஆங்கிலம் மிக நன்றாக இருந்தது என்றும் இனிமேலும் கூப்பிடுவோம் என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் சுஜி, எப்படி நடந்தது என்று கேட்டாள். வழக்கறிஞர் பாராட்டியதை மட்டும் சொன்னேன்.

கப்பல் தரப்பில் எனக்கு ஏதாவது கொடுத்தார்களா என்று போலீசார் பலமுறை கேட்டார்கள். மொழிபெயர்ப்புக்கு வழக்கமாகக் கொடுப்பது தவிர வேறெதுவும் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் வங்கிக் கணக்கையும் அவர்கள் பார்த்துவிட்டார்கள். லஞ்சம் வாங்கினேன் என்று குளச்சலில் சிலர் சொல்கிறார்கள். அது உண்மை இல்லை. ஆனால் அதை மறுத்துப் பேசும்போது எனக்குப் பெருமையாக இல்லை.

சில மாதம் கழித்து விசாரணை அறிக்கை வந்தது. வள்ளத்தில் விளக்கு இல்லாததே விபத்துக்குக் காரணம் என்றும், வள்ளத்தை ஓட்டியவரே அதை ஒப்புக்கொண்டார் என்றும் அதில் இருந்தது. அதை வைத்து மரியான் பேரிலேயே அஜாக்கிரதையால் மரணம் விளைவித்ததாக வழக்கு வந்தது. செய்தியை நான் பேப்பரில் படித்தேன். படித்துவிட்டு அந்தப் பேப்பரை மடித்து மேசை டிராயருக்குள் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். பிரபினின் தாயார் ஆலயத்து வாசலில், ஜனங்கள் எல்லாரும் நிற்கும்போது மரியானைப் பார்த்து, ‘எனக்க மவன வெளக்கில்லாத்த வள்ளத்துல ஏத்திட்டுப் போயி கொன்னுட்டீரே’ என்று கேட்டதாக என்னிடம் படிக்கும் குளச்சல் பெண் ஷிஜி வகுப்பில் தோழிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் போர்டைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் ஜாஸ்மி என் மையத்துக்கு வந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். சங்க வக்கீலிடமிருந்து வீடியோவை வாங்கிப் பார்த்திருக்கிறாள். கதவருகே நின்றபடியே பேசினாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

‘சார், அப்பா லைட்டு போச்சுன்னுதானே சொன்னாங்க. நீங்க ஹேட் கான்னு சொல்லிட்டிய. அது முன்னாடியே முடிஞ்சிருந்தாத்தானே சார் போடணும்?’

நான் அவளுக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாம். ‘பேச்சுல ரெண்டும் ஒண்ணுதான் ஜாஸ்மி. அப்பா ஆமான்னு சொன்னாங்க, அதுவும் வீடியோல இருக்கு’ என்றேன். அவள் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். ‘அப்பிடியா சார். நான்தான் தப்பா நெனச்சிட்டேன்’ என்றாள். குழந்தை என் மேசையில் இருந்த சாக்பீஸை எடுத்துவிட்டது. அவள் அதை வாங்கி மேசையில் வைத்து, குழந்தையின் விரல்களை முந்தானையில் துடைத்துவிட்டுப் போனாள். நான் படிப்பித்ததை வைத்தே அவள் என் பிழையைச் சரியாகக் கண்டுபிடித்திருந்தாள். நான் அதைத் தப்பு என்று அவளை நம்ப வைத்தேன்.

தெரியாமல் செய்ததையும் தெரிந்து செய்ததையும் இப்போது பிரித்துச் சொல்கிறேன். ஹோட்டலில் முதல் தடவை சொன்னது தெரியாமல் நடந்தது. இடைவேளைக்குப் பிறகு சொன்னதும் ஜாஸ்மியிடம் சொன்னதும் தெரிந்தே செய்தது.

ஜாஸ்மி வீட்டுக்குப் போய், சாரிடம் கேட்டேன், சார் சொன்னது சரிதானாம் என்று தகப்பனாரிடம் சொல்லியிருக்கிறாள். அன்றைக்குப் பிறகு மரியான் கடலுக்குப் போகவில்லை. யாரோடும் பேசுவதும் குறைந்துபோனது. கொஞ்ச நாள் கழித்து அவர் தானாகவே பிரபினின் தாயார் வீட்டுக்குப் போய், அந்த அம்மாளின் காலைப் பிடித்துக்கொண்டு, விளக்குப் போட நான்தான் மறந்துவிட்டேன், என்னை மன்னிக்க வேண்டும் என்று அழுதிருக்கிறார். இதையும் ஷிஜிதான் சொன்னாள். இந்தத் தடவை நான் அவளைக் கூப்பிட்டு, மரியான் அப்படித்தான் சொன்னாரா என்று கேட்டேன். ‘ஆமா சார். சுவிட்ச் போடலன்னு இப்பம் ஓர்ம வருதுன்னு சொன்னாவளாம்’ என்றாள். அன்று இரண்டாவது பேட்ச் மாணவிகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்குப் போகவில்லை. சுஜியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். ‘பஸ்ஸுல போறியளா, வண்டியிலயா?’ என்று மட்டும் கேட்டாள். வண்டியில் குளச்சலுக்குப் போனேன். மரியானின் வீட்டு முற்றத்தில் வலை இல்லை, மீன்வாடையும் இல்லை. அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. என்னைக் கண்டதும் முன்பு போலவே எழுந்து நின்றார்.

நான் தொடங்குவதற்கு முன்பே அவர் பேசினார். ‘சாரே, உம்ம பேருல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல கேட்டியளா. நான்தான் மறந்துட்டேன். வயசு ஆவுதுல்லா. இங்கிலீசுல அவ்வளவு பேரு இருந்து எழுதினது தப்பாவுமா?’

அதன் பிறகு நான் அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று சொன்னேன். வராந்தாவில் அவர் கையால் காட்டியதையும் நினைவுபடுத்தினேன். அவருக்கு அது நினைவில்லை. அதனால் என் இடது கையை விரித்து, விரலை நிமிர்த்தி, வலது முஷ்டியைக் கொண்டுவந்து, அவர் எனக்குக் காட்டியபடியே நான் அவருக்குக் காட்டினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டார்:

‘அப்பம் லைற்று எரிஞ்சுதா சாரே?’

கடலில் இருந்தவர் அவர். அந்த விளக்கின் அடியில் மருமகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். வள்ளத்தில் ஒரு நாளும் கால் வைக்காத என்னிடம் அவர் அதைக் கேட்டார். ‘எரிஞ்சுது அண்ணே. நீங்கதான் எங்கிட்ட சொன்னிய’ என்றேன். அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஜாஸ்மி வீட்டுக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வாசலுக்கு வந்து, ‘நான் அண்ணைக்கு வந்து கேட்டேன் இல்லியா சார்’ என்றாள். ‘கேட்ட’ என்றேன். அதற்கு மேல் அவள் என்னோடு பேசவில்லை. இன்று வரை பேசவில்லை.

அன்றே மரியானோடும் ஜாஸ்மியோடும் பிரபினின் தாயார் வீட்டுக்குப் போய் அந்த அம்மாளிடமும் சொன்னேன். அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. ‘அவரு எனக்க காலப் பிடிச்சப்பம் நான் ஒதறித் தள்ளிட்டேன் சாரே. வாசல்ல போயி விழுந்தாரு. இதுக்கு நான் யாருட்ட போயி சொல்ல?’ என்று கேட்டார்கள்.

அதன் பிறகு சங்க வக்கீலைப் பார்த்து எழுத்தில் கொடுத்தேன். கடலோரக் காவல் நிலையத்துக்கும் நானே போனேன். வீடியோவில் மரியானின் தமிழ் தெளிவாகக் கேட்கிறது. அதை வேறு மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கொண்டு புதிதாக ஆங்கிலப்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மரியான் பேரில் உள்ள வழக்குக்கு என் வாய்ச்சொல் தவிர வேறு ஆதாரம் இல்லை என்று அறிகிறேன். என் பேரில் என்ன நடவடிக்கை எடுத்தாலும் எதிர்க்க மாட்டேன். மையத்தைத் தற்போது பூட்டி வைத்திருக்கிறேன். வாசல் போர்டைக் கழற்றிவிட்டேன்.

மேலே கண்டவை அனைத்தும் நான் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்யப்பட்டு, எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டப்பட்டது. வாசிக்கும்போது ஓரிடத்தில், இடைவேளைக்குப் பிறகு ‘பிழையைச் சொல்ல முடியாமல் போய்விட்டது’ என்று இருந்தது. தட்டச்சர் எனக்கு உதவியாக இருக்கட்டும் என்று அப்படிப் போட்டிருக்கலாம். அதை அடித்துவிட்டு, ‘பிழையைச் சொல்லவில்லை’ என்று மாற்றும்படி கேட்டேன். நடுவர் அவர்கள் அனுமதித்தார்கள். மாற்றிய இடத்தின் ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டிருக்கிறேன். இனி இதில் திருத்த எதுவும் இல்லை. எல்லாம் உண்மை.

(ஒப்பம்) ஜெ. எபிசன்